ஒத்துழைக்காத உடம்பு

எங்கள் ஆய்வகத்தின் வரவேற்பறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெண்புழுவின் படம். கதவளவு உயரம். அதற்குக் கீழே, கால்வாசி அளவில், டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் இயக்குநர் டாக்டர் கமலநாதனின் படம். புழு அசலில் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். டத்தோ ஐந்தடி எட்டங்குலம். எதை எந்த அளவில் மாட்டுவது என்று முடிவு செய்ய மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றுக்கும் நான்தான் குறிப்பெழுதினேன்.

என் பெயர் திருச்செல்வம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கும் குடற்புழு வளர்ச்சி ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை. மனிதக் குடலில் வாழும் நூல்புழு எவ்வளவு நீளம் வளர்கிறது, எத்தனை குஞ்சு போடுகிறது என்று அளப்பதுதான் ஆய்வகத்தின் தொழில். ஆரம்ப காலத்தில் புழுவை ஒழிப்பதற்காக அளந்தார்களாம். பிறகு அளப்பதற்கு ஆண்டு இலக்கு வைத்தார்கள். இலக்கு என்று ஒன்று வைத்துவிட்டால் அது வருடா வருடம் ஏற வேண்டும் அல்லவா, ஏறியது. புழு மெலிந்த வருடங்களில் எங்கள் ஆண்டு விருந்தில் ஆட்டிறைச்சிக்குப் பதிலாகக் கோழி போட்டார்கள். அதன் பிறகு ஒழிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எல்லாரும் புழுப் படத்தின் முன் வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்போம். "வளர்ச்சிக்குத் தடையாக இருக்க மாட்டோம்" என்று முடியும் அது. யாருடைய வளர்ச்சி என்று அதில் இல்லை. நானும் கேட்டதில்லை.

நாகையா போன வருடம் மார்ச் மாதம் வந்தார். காப்பாரில் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றுகிற வேலை. நாற்பத்தேழு வயது, கட்டுமஸ்தான உடம்பு, மெதுவான பேச்சு. காப்பாரில் நாங்கள் நடத்திய மருத்துவ முகாமில் அவர் வயிற்றில் நூல்புழு இருப்பது தெரிந்தது. செம்பனைக் காட்டு ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்ததில் பாதத்தைத் துளைத்து ஏறியிருக்கும் என்றார் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் மலர்விழி. வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதற்குள் புழுவைக் கொல்லும் மாத்திரைகள் அடுக்கி வைத்திருக்கும். ஒரு வேளை சாப்பிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு வேளை சாப்பிட்டால் தீர்ந்தது. அலமாரிச் சாவி டத்தோவிடம்.

நாகையா அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாஸ், அந்த மாத்திரையக் குடுத்தீங்கன்னா நான் மத்தியானக் கோமுட்டர் ரயிலப் புடிச்சுப் போயிருவேன் லா."

ஆய்வு முடிந்ததும் தருவார்கள் என்று விளக்கினேன். எப்போது முடியும் என்று கேட்டார். டிசம்பரில் என்றேன். அதுவரைக்கும் புழு அவர் வயிற்றில் இருக்க வேண்டும். அது ஆய்வகத்தின் சொத்து, அதைப் பற்றி வெளியாளிடம் பேசக்கூடாது, மனைவியும் வெளியாளே என்று ஒப்பந்தத்தின் ஆறாம் பத்தியில் எழுதியிருந்ததைக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அந்த ஆறாம் பத்தியை டைப் செய்தவன் நான். நாகையா மனைவியிடம் வயிற்றுச் செக்கப்புக்குப் போவதாக மட்டும் சொல்லிவைத்தார்.

வாரா வாரம் செவ்வாய்க்கிழமை அவர் காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி எங்களிடம் வருவார். மடியில் ஐஸ் பெட்டி. அதன் மேல் "இதனுள் இருப்பவை ஆய்வகத்துக்கு உரியவை" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். வந்ததும் மூன்றடி நூல் கட்டிய மாத்திரை உறையொன்றை விழுங்குவார். நான்கு மணி நேரம் நூல் முனையைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, புழுப் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். மலர்விழி நூலை உருவி, அதில் ஒட்டிக்கொண்டு வரும் புழுவை அளப்பார். ஐஸ் பெட்டியில் இருக்கும் மலத்தில் குஞ்சுகளை எண்ணுவார்.

மே மாதக் கூட்டத்தில் மலர்விழி வாசித்த அறிக்கையைக் கேட்டு டத்தோவின் முகம் சுருங்கியது. மற்றவர்களின் வயிற்றில் இரண்டேகால் மில்லிமீட்டர் வளர்கிற புழு, நாகையாவிடம் ஒன்றரையைத் தாண்டவில்லை. குஞ்சுகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

"அவர் உடம்பு சண்டை போடுது டத்தோ," என்றார் மலர்விழி. "எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்கு. அதனாலதான் புழு குட்டையாவே நிக்குது, குஞ்சும் கம்மியாப் போடுது. நல்ல விஷயம்தானே."

"யாருக்கு நல்ல விஷயம்?" என்று டத்தோ கேட்டார். "நாம அவருக்கு எல்லாம் செஞ்சு குடுக்குறோம். ரயிலேறி வந்தா தேத்தண்ணி, பிஸ்கட். அவர் உடம்பு நமக்கு எதிரா வேலை செய்யுது. அதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்குனாரு?"

"ஓம்புநரின் உடல் முன்னனுமதியின்றி எதிர்ப்பில் ஈடுபட்டு வருவது கூட்டத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது" என்று எழுதினேன். எங்கள் பாஷையில் புழுவுக்கு இடம் கொடுத்தவரை ஓம்புநர் என்போம். மரியாதையான சொல்.

நாகையாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. உங்கள் உடலின் ஒத்துழையாமைக்கான காரணத்தைப் பதினான்கு நாளில் எழுத்து மூலம் தெரிவிக்கவும். அவர் கோடு போட்ட தாளில், மகளின் பேனாவாக இருக்க வேண்டும், ஊதா மையில் பதில் எழுதினார். தன் உடம்பு இப்படிச் செய்வது தனக்குத் தெரியாது என்றும், வேண்டுமென்று செய்யவில்லை என்றும், உடம்பின் சார்பில் தான் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் இருந்தது. அதைக் கூட்டத்தில் வாசித்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். டத்தோ சிரிக்கவில்லை. மன்னிப்பு வந்திருக்கிறது, செயல்திட்டம் வரவில்லை என்றார்.

பிறகு அவருக்கு அரைநாள் பயிலரங்கு நடத்தினார்கள். கீரையைக் குறைக்க வேண்டும், தூக்கத்தைக் குறைக்க வேண்டும், எதற்கும் உடனே எதிர்ப்புக் காட்டாத மனப்பான்மையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று திரை போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். நாகையா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் கையைத் தூக்கி, வீட்டுக்குப் பின்னால் மலக்குழி வெடித்து முற்றத்தில் கசிகிறது, அதைக் கட்டிவிடலாமா என்று கேட்டார். ஆய்வு முடியும் வரை கட்ட வேண்டாம் என்று பதில் வந்தது. புதிய குஞ்சுகள் மண்ணிலிருந்து அவர் காலுக்கு வர ஒரு வழி வேண்டுமாம். அதே கூட்டத்தில் பதினான்காம் விதியும் நிறைவேறியது. ஓம்புநரின் வீட்டு வளாகத்துக்குப் போகும் ஊழியர்கள் முழங்கால் வரை பூட்ஸ் அணிய வேண்டும், எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது.

கீரை குறைந்தது, தூக்கம் குறைந்தது. புழு வளரவில்லை. அந்த மனிதரின் உடம்பு எங்கள் கடிதத்தையோ பயிலரங்கையோ கொஞ்சமும் மதிக்கவில்லை. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அதைக் குறிப்பில் எழுதவில்லை.

ஜூலைக் கூட்டத்தில் டத்தோ ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசினார். பிரெட்னிசோலோன். அதைக் கொடுத்தால் உடம்பின் எதிர்ப்பு படுத்துவிடும், குட்டையாய் நின்ற புழு மறுபடி நீளும், குஞ்சு போடும், எலிகளில் பார்த்திருக்கிறார்கள் என்றார். கோப்பில் அதற்கு ஒத்துழைப்பு மாத்திரை என்று பெயர் வைத்தார்கள். நாகையாவிடம் வைட்டமின் என்று சொல்வதாக முடிவாயிற்று.

மலர்விழி எழுந்து நின்றார். இந்தப் புழு மற்றப் புழு மாதிரி இல்லை, வயிற்றுக்குள்ளேயே பெருகும், எதிர்ப்பு இல்லாவிட்டால் குஞ்சுகள் குடலைத் துளைத்துக்கொண்டு ரத்தம், நுரையீரல், மூளை என்று எங்கும் போகும், ஆள் பிழைக்க மாட்டார் என்றார். டத்தோ பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, நீங்க ஆபத்தப் பத்தியே பேசுறீங்க. வாய்ப்பப் பத்திப் பேசுங்க."

"உறுப்பினர் ஒருவரின் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று எழுதினேன். கருத்து என்ன என்று எழுதுவது எங்கள் வழக்கமில்லை. மறுவாரம் மலர்விழியைக் காஜாங்கில் இருக்கும் எங்கள் பழைய சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். போகும்போது என் மேசைக்கு வந்தார்.

"திரு அண்ணே, ஒருநாள் யாராவது கேப்பாங்க. ரெண்டே ரெண்டு விஷயம் சொன்னாப் போதும். வயித்துல இந்தப் புழு இருக்கு, இந்த மாத்திரை குடுத்திருக்கோம். அந்த ரெண்டும் தெரிஞ்சா ஆஸ்பத்திரியில காப்பாத்திருவாங்க. தெரியலன்னா போச்சு. மறந்துராதீங்க."

மறக்க மாட்டேன் என்றேன். எழுதியே வைத்திருக்கிறேன் என்று குறிப்பேட்டையும் தட்டிக் காட்டினேன்.

மாத்திரை வேலை செய்தது. நாகையாவுக்கு அரிப்பு நின்றது, பசி எடுத்தது, முகம் உப்பி வட்டமாயிற்று. வைட்டமின் நல்ல வைட்டமின் பாஸ் என்று என்னிடமே சொன்னார். செப்டம்பரில் புழு இரண்டேகாலைத் தொட்டது. ஐஸ் பெட்டியில் இருந்த குஞ்சுகளை எண்ண இரண்டு பேர் போதவில்லை. டத்தோ ஒரு விழா எடுத்தார். நாகையாவை மேடையேற்றி, சிறந்த ஓம்புநர் என்று சான்றிதழும், மைலோ டின்னும் பிஸ்கட்டும் வைத்துக் கலர்த் தாள் சுற்றிய கூடையும் கொடுத்தார்கள். எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் நானும் இருக்கிறேன்.

"ஆரம்பத்துல இவர் உடம்பு நம்மள எதிர்த்துச்சு," என்று டத்தோ பேசினார். "இன்னைக்கு அந்த எதிர்ப்பு எங்க போச்சு? புரிஞ்சுக்கிச்சு. ஒரு நிறுவனம் வளரணும்னா முதல்ல அது வாழுற இடம் அமைதியா இருக்கணும்."

கைதட்டல் ஓய்ந்ததும் நாகையா என் காதருகில் குனிந்து, புழு வளர்ந்துவிட்டதே, இப்போதாவது அந்த அலமாரி மாத்திரையைத் தருவார்களா என்று கேட்டார். டிசம்பர் என்றேன்.

அக்டோபரில் அவர் வயிற்றின் மேல் தோலுக்கடியில் சிவப்புக் கோடுகள் ஓடின. காலையில் தொப்புளுக்குப் பக்கத்தில் இருந்த கோடு மத்தியானம் இடுப்பில் இருந்தது. யாரோ அதைப் படம் பிடித்து மாதாந்திரச் செய்திமடலில் போட்டார்கள். பிறகு இருமல். அவர் துப்பிய சளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தபோது அதிலும் குஞ்சுகள் நெளிந்தன. டத்தோ அதைக் கூட்டத்தில் அறிவித்தார். குடலுக்கு வெளியே, நுரையீரலில், நமது இரண்டாவது கிளை. "உறுப்பினர்கள் மகிழ்ச்சி தெரிவித்தனர்" என்று எழுதினேன். எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. அதையும் சொல்லிவிடுகிறேன், நின்றது, பிறகு எழுதியது.

நவம்பர் முதல் திங்கட்கிழமை, உறுதிமொழி முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. ஒரு பெண்ணின் குரல்.

"சார், நான் நாகையா வீட்டுக்காரம்மா, புஷ்பவல்லி பேசுறேன். அவருக்கு மூச்சு முட்டுது, காய்ச்சல் அடிக்குது. கிள்ளான்ல ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். அவரால பேச முடியல. டாக்டருங்க கேக்குறாங்க, எந்த வியாதிக்குப் பாத்தீங்க, என்ன மாத்திரை குடுத்தீங்கன்னு. வைட்டமின்னுதான் சொல்லியிருக்காரு. அது இல்லன்னு அவங்க சொல்றாங்க. உங்க நம்பர்தான் அந்த ஐஸ் பெட்டில இருந்துச்சு."

குறிப்பேடு என் முன்னால் திறந்திருந்தது. ஜூலை மாதப் பக்கம் எங்கே இருக்கிறது என்று கை அறியும். இரண்டே விஷயம். சொல்ல ஐந்து விநாடி ஆகாது.

ஓம்புநர் பற்றிய தகவலை வெளியாளுக்குத் தர 'ஆ' பாரம் பூர்த்தி செய்ய வேண்டும், கணவர் கையெழுத்து வேண்டும், வியாழக்கிழமைக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சொன்னேன். இதை நான் சொன்னேன். வேறு யாரும் பக்கத்தில் இல்லை, யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாய் என் வாயிலிருந்து வருவதுதான் வந்தது.

"அவரால பேனாவப் புடிக்க முடியாது சார்."

கைரேகை போதும் என்றேன்.

கைரேகை வைத்த பாரத்தை அந்த அம்மா அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தார். கிள்ளானிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தாராம். கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில்தான் நின்றார். அதற்குள் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. பாரத்தில் முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டைக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நாகையா இறந்துபோனார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் தகவல் தருவதற்கு ஏகமனதாக ஒப்புதல் கிடைத்தது. முதல் பொருளாக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். ஓம்புநர் போன சில மணி நேரத்தில் புழுக்களும் போய்விடும், இலக்கைத் தாண்டிய ஒரே புழுக் கூட்டத்தை இழந்தோம் என்று டத்தோ தழுதழுத்தார். யாருக்காக நின்றோம் என்று குறிப்பில் தெளிவாக எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு ஒப்புதல் கடிதத்தை நேரில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காப்பாருக்குப் போனேன். முந்தின நாளே எரித்துவிட்டிருந்தார்கள். இரவெல்லாம் மழை. கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்து வீடு, சிறிய முற்றம், பின்பக்க மலக்குழியிலிருந்து கசிந்த சாம்பல் நிறத் தண்ணீர் வாசல் வரை வந்து சேறாகிக் கிடந்தது. வேலிக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. என் காலில் ஆய்வகத்து பூட்ஸ். பதினான்காம் விதி என் கையால் டைப் செய்தது. சாவு விழுந்த வீட்டுக்குள் அதோடு நுழைய எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் ஆட்களில் யாருக்கு ஒப்பும்? அவர்களுக்கு நான் செய்ததில் அது ஒன்றாவது மரியாதையாக இருக்கட்டும் என்று தோன்றியது. கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு சேற்றில் நடந்து போனேன்.

புஷ்பவல்லி கடிதத்தைப் பிரித்து நிதானமாகப் படித்தார். புழுவின் பெயர், மாத்திரையின் பெயர், இரண்டும் இரண்டு வரி. சுவரில் அந்தச் சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பிஸ்கட் கூடை கலர்த் தாள் பிரிக்காமல் அதற்குக் கீழே இருந்தது.

"இது திங்கக்கிழமை நான் போன் பண்ணப்பவே உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

குறிப்பில் இருந்தது என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

தெரியும் என்றேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. கூடையை எடுத்து என் கையில் வைத்தார். இப்படி வெட்கப்பட்டு நான் என் வாழ்நாளில் நின்றதில்லை. சாவு வீட்டில் வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் திரும்பி, அதே சேற்றில் நடந்து வேலிக்கு வந்தேன். ரயிலில் கிள்ளானைத் தாண்டும்போது இரண்டு கால் விரலிடுக்கிலும் அரித்தது.

அது போன நவம்பர். இந்த ஜனவரியில் ஊழியர் மருத்துவப் பரிசோதனை நடந்தது. என்னை மூன்றடி நூலை விழுங்கச் சொன்னார்கள். நாகையா உட்காருகிற நாற்காலியில், முனையைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, புழுப் படத்தைப் பார்த்தபடி நான்கு மணி நேரம் இருந்தேன். மாலையில் டத்தோ தானே வந்து என் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு புள்ளி ஆறு, திரு. நம்ம ஆய்வக வரலாற்றுலயே இல்ல. ஒத்துழைப்பு மாத்திரைகூடக் குடுக்கல. உங்க உடம்புல எதிர்ப்புன்னு ஒண்ணு இருந்த தடயமே இல்லையாம். இப்படி ஒரு ஆளத்தான் இத்தனை வருஷமா வெளிய தேடிட்டு இருந்தோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

கண்ணாடி அலமாரி என் மேசையிலிருந்து ஆறடி தூரத்தில் இருக்கிறது. கீழே இறங்கிச் சாலையைக் கடந்தால் ஒரு கிளினிக் உண்டு, அந்த டாக்டரம்மாவிடம் புழுவின் பெயரை மட்டும் சொன்னால் அரை மணி நேரத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார். எனக்குத் தெரியாதா. வயிற்றுக்குள் ஏதோ மெதுவாகத் திரும்பிப் படுப்பது போல இருந்தது. இழுப்பறையைத் திறந்து ஒரு 'ஆ' பாரத்தை எடுத்தேன். ஓம்புநர் பெயர் என்ற இடத்தில் திருச்செல்வம் என்று எழுதி, முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை எனக்கே கிழித்துக் கொடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமைக் கூட்டத்தில் வைப்பார்கள்.